நூறு நாள் கூலி எங்கே போகிறது?

நூறு நாள் வேலையால் களை எடுக்க ஆளில்லை என்று நம்மவர்கள் அலுத்துக்கொள்வது புதிதல்ல. அந்தக் கூலி போகிற வழியையும் பார்ப்போம்.

2020 ஏப்ரல்–ஜூனில் நாட்டின் உற்பத்தி, முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய கால்வாசி சரிந்தது. பெங்களூரு, திருப்பூர் போனவர்கள் வேலையிழந்து ஊர் திரும்பினார்கள். பட்ஜெட்டில் இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கிய 61,500 கோடியோடு, மே மாதம் இன்னும் 40,000 கோடி சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் 2020-21இல் நாள் கூலி 256 ரூபாயாக இருந்தது. அதை யாரும் டெபாசிட்டில் போடுவதில்லை. செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் சந்தையில் தக்காளி, ராகி, பருப்பு என்று இறங்கிவிடும். ராகி விற்றவர் மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்குவார், புண்ணாக்குக்காரர் பிள்ளைக்குத் துணி எடுப்பார். ஒரே ரூபாய் நாலு கை மாறும்.

2019 செப்டம்பரிலும் மந்தம்தான். அப்போது கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். அரசே சொன்ன வருவாய் இழப்பு, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி! சரக்கு தேங்கிக் கிடக்கும்போது எந்த முதலாளி புது ஆலை கட்டுவார்? பழைய கடனை அடைப்பார், அவ்வளவுதான். வங்கியில் இருந்தவனுக்கு இது தெரிந்த சங்கதி: வியாபாரம் படுத்தால் வட்டியைக் குறைத்தாலும் கடன் கேட்டு வர மாட்டார்கள்.

2021-22 பட்ஜெட்டில் நூறு நாள் வேலைக்கு ஒதுக்கியது 73,000 கோடிதான். வாங்குகிறவர் கை காய்ந்தால் நம் தக்காளியை யார் எடுப்பது? ஆள் பற்றாக்குறைக்கும் ஒரு வழி இருக்கிறது. சிறு, குறு உழவர் நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்ட, வரப்பு போட இத்திட்டத்திலேயே இடமுண்டு. ஊராட்சியில் கேளுங்கள்.