ஒலியும் ஒலியனும்: தமிழ் எழுத்தின் வழி ஓர் அறிமுகம்

ஒரு மொழியில் சொல்லின் பொருளை வேறுபடுத்தும் மிகச் சிறிய ஒலி அலகு ஒலியன் எனப்படும். ஒலியன் என்பதும் ஒலி என்பதும் ஒன்றல்ல. வாயிலிருந்து எழும் ஒலிகள் பல. அவற்றுள் மொழி கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஒலியன்கள் சில. மொழியியலின் அடிப்படைக் கருத்துகளுள் இது முதன்மையானது.

"இந்தியில் க வரிசையில் நான்கு எழுத்துகள் உள்ளன. தமிழில் ஒன்றுதான் உள்ளது. அப்படியானால் தமிழில் எழுத்துப் பற்றாக்குறையா?" என்பது மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. ஒலி, ஒலியன் ஆகிய இரண்டின் வேறுபாட்டைப் புரிந்துகொண்டால்தான் இதற்குச் சரியான விடை கூற முடியும்.

ஒலியியலும் ஒலியனியலும்

பேச்சொலிகளை ஆராயும் துறை ஒலியியல். இது மூன்று பிரிவுகளை உடையது. பேச்சுறுப்புகள் ஒலியை எவ்வாறு உண்டாக்குகின்றன என்பதை ஒலிப்பு ஒலியியல் ஆராய்கிறது. ஒலி காற்றில் அலையாகச் செல்வதை அலை ஒலியியல் ஆராய்கிறது. செவி அதனை எவ்வாறு ஏற்கிறது என்பதைக் கேட்பு ஒலியியல் ஆராய்கிறது.

ஒரு குறிப்பிட்ட மொழியில் இந்த ஒலிகள் எவ்வாறு முறைப்பட்டு நிற்கின்றன, எந்த வேறுபாடு பொருளை மாற்றுகிறது, எது மாற்றவில்லை என்று ஆராய்வது ஒலியனியல். சுருக்கமாகச் சொன்னால், ஒலியியல் எல்லா மொழிகளுக்கும் பொதுவானது. ஒலியனியல் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே செய்யப்படுவது.

ஒலி பிறக்கும் முறை

ஒரு மெய்யொலியை அடையாளம் காண மூன்று செய்திகள் தேவை.

1. ஒலிப்பிடம்: காற்று எந்த இடத்தில் தடுக்கப்படுகிறது? 'ப்' இரண்டு இதழ்களிலும், 'த்' மேற்பல்லின் அடியிலும், 'ட்' வளைந்த நாநுனி மேல் அண்ணத்தைத் தொடும்போதும், 'க்' நாவின் அடிப்பகுதி பின் அண்ணத்தைத் தொடும்போதும் பிறக்கின்றன.

2. ஒலிப்பு முறை: காற்று எவ்வாறு வெளியேறுகிறது? முழுவதும் அடைபட்டுத் திறந்தால் வெடிப்பொலி (ப், த், க்). மூக்கு வழியே சென்றால் மூக்கொலி (ம், ந், ண்). நாவின் பக்கங்களில் வழிந்தால் மருங்கொலி (ல், ள்). குறுகிய இடைவெளியில் உரசிச் சென்றால் உரசொலி (ஸ், ஷ்).

3. குரல்நாண் அதிர்வு: குரல்வளையில் உள்ள நாண்கள் அதிர்ந்தால் ஒலிப்புடை ஒலி, அதிராவிட்டால் ஒலிப்பிலா ஒலி.

மூன்றாவதை எளிதாகச் சோதிக்கலாம். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டுங்கள், அதிர்வு இராது. 'ம்ம்ம்' என்று நீட்டினால் விரலில் அதிர்வு தெரியும். இப்போது 'பக்கம்', 'பங்கம்' ஆகிய சொற்களைச் சொல்லிப் பாருங்கள். 'பக்கம்' என்பதில் நடுவே அதிர்வு நின்று மீண்டும் தொடங்கும். 'பங்கம்' என்பதில் அது நிற்பதே இல்லை. இரண்டிலும் ககரந்தான் உள்ளது. ஆனால் வாயில் பிறப்பவை வெவ்வேறு ஒலிகள்.

ஒலியனைக் கண்டறிவது எப்படி?

இரண்டு ஒலிகள் தனித்தனி ஒலியன்களா என்று அறிய, ஒரே ஓர் ஒலியில் மட்டும் வேறுபட்டு, பொருளிலும் வேறுபடும் சொற்களைத் தேட வேண்டும். இவ்வாறு அமைந்த இரு சொற்களைக் குறைந்தபட்ச இணை என்பர்.

தலை – தளை – தழை
வலி – வளி – வழி
மனம் – மணம்
அரை – அறை
கல் – கால்
எடு – ஏடு

முதல் இரண்டு வரிகளிலிருந்து ல, ள, ழ மூன்றும் தமிழில் தனித்தனி ஒலியன்கள் என்பது உறுதியாகிறது. கடைசி இரண்டு வரிகள் குறில், நெடில் வேறுபாடும் ஒலியன் வேறுபாடே என்பதைக் காட்டுகின்றன. ஒலிகள் இவ்வாறு ஒரே இடத்தில் எதிரெதிராக நின்று பொருளை மாற்றுவதை வேற்றுநிலை வழக்கு என்பர்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எழுத்தில் உள்ள வேறுபாடு எல்லாருடைய பேச்சிலும் இருப்பதில்லை. 'மழை' என்பதை 'மளை' என்று சொல்பவர் பலர். அவர்கள் பேச்சில் ழகர ஒலியன் ளகரத்தோடு கலந்துவிட்டது. அத்தகைய வீட்டுச் சூழலிலிருந்து வரும் குழந்தை 'வழி', 'வளி' இரண்டையும் ஒன்றாகக் கேட்பதால்தான் எழுதும்போது தடுமாறுகிறது. அது கவனக்குறைவு அன்று. சிவப்பு மையால் திருத்துவதைவிட, நாவை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுப்பதே பயன் தரும். ளகரத்தில் வளைந்த நா அண்ணத்தைத் தொடும். ழகரத்தில் தொடாமல் நெருங்கி நிற்கும்.

மாற்றொலிகள்

ஓர் ஒலியன் இடத்திற்கு ஏற்பப் பலவாறு ஒலிக்கலாம். அந்த வடிவங்கள் மாற்றொலிகள் எனப்படும். தமிழ் வல்லினம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

சொல்லின் முதலில்: கல், தலை, பல் – ஒலிப்பிலா ஒலி
இரட்டிக்கும்போது: பக்கம், பத்து, உப்பு – ஒலிப்பிலா ஒலி
ட், ற் ஆகியவற்றின் பின்: வெட்கம், கற்பு – ஒலிப்பிலா ஒலி
மெல்லினத்தின் பின்: பங்கு, பந்து, பாம்பு – ஒலிப்புடை ஒலி
இரண்டு உயிர்களுக்கு இடையில்: பகல், படம், காது – நெகிழ்ந்த ஒலி

'பகல்' என்பதில் ககரம் பெரும்பாலோர் பேச்சில் ஹகரத்தை ஒட்டி ஒலிக்கிறது. 'படம்' என்பதில் டகரம் ஒலிப்புடை ஒலியாகிறது.

தூய தமிழ்ச் சொற்களில் ஓர் ஒலி வரும் இடத்தில் மற்றொன்று வருவதில்லை. இதனைத் துணைநிலை வழக்கு என்பர். எங்கே எந்த ஒலி வரும் என்பது சூழலிலிருந்தே தெரிந்துவிடுவதால், இவற்றுக்கு வெவ்வேறு எழுத்துகள் தேவைப்படவில்லை. தமிழ் தெரிந்த எவரும் 'பங்கு' என்பதைப் பிழையாக ஒலிப்பதில்லை. இராபர்ட் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இந்த ஒழுங்கை ஒரு விதியாகவே எடுத்துக் காட்டியுள்ளார்.

சில இடங்களில் இரண்டு ஒலிகளில் எது வந்தாலும் பொருள் மாறுவதில்லை. 'சொல்' என்பதைச் சிலர் 'பச்சை' என்பதில் உள்ள சகரம்போல் அழுத்தியும், சிலர் ஸகரத்தை ஒட்டியும் ஒலிக்கின்றனர். இதனை உறழ்ச்சி வழக்கு என்பர்.

மொழிக்கு மொழி மாறும் கணக்கு

இந்தியில் 'பல்' என்று நாம் எழுதக்கூடிய சொற்கள் மூன்று உண்டு. ஒலிப்பிலாப் பகரம் வந்தால் கணப்பொழுது. அதையே மூச்சை அழுத்தி ஒலித்தால் பழம். ஒலிப்புடைப் பகரம் வந்தால் வலிமை. அங்கே இவை தனி ஒலியன்கள். ஆகவே தனி எழுத்துகள் தேவை. ஆங்கிலத்தில் மேற்சட்டையும் ஆடும் தமிழில் 'கோட்' என்றே எழுதப்படும். ஆங்கிலேயருக்கோ அவை வெவ்வேறு சொற்கள்.

அதே ஆங்கிலத்தில் மூச்சழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. வாயின் முன் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலேயர் 'பின்' என்று சொன்னால் தாள் அசையும். 'ஸ்பின்' என்று சொன்னால் அவ்வளவாக அசையாது. அவர்களே இதைக் கவனிப்பதில்லை, நாம் 'பகல்' என்பதில் உள்ள ககரத்தைக் கவனிக்காததுபோல.

பிறமொழி ஒலியை நாம் நம் ஒலியன்களின் வழியே கேட்கிறோம். கனடாவின் நகரம் ஒன்றைத் தமிழ்நாட்டில் 'டொராண்டோ' என்று எழுதுகிறோம். ஈழத்தமிழர் 'ரொறன்ரோ' என்று எழுதுகின்றனர். ஆங்கில ஒலி பல் ஈற்றின் மேட்டில் பிறப்பது. யாழ்ப்பாணத் தமிழில் 'காற்று' போன்ற சொற்களின் ற்ற அதே இடத்தில் பிறக்கும் வெடிப்பொலியாக இன்றும் வழங்குவதால், அவர்களுக்கு அந்த ஆங்கில ஒலி றகரத்தை ஒட்டியதாகக் கேட்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் 'காற்று' பெரும்பாலும் 'காத்து' ஆகிவிட்டதால், நமக்கு டகரமே அருகில் உள்ளது. இரண்டு எழுத்து முறைகளுக்கும் காரணம் உண்டு. எதையும் தவறு என்று ஒதுக்க வேண்டியதில்லை.

இலக்கண மரபில்

தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயல் பிறப்பியல். தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய எட்டு உறுப்புகளைக் கொண்டு ஒலிகளின் பிறப்பை அது விளக்குகிறது.

அதே நூல் முதலெழுத்துகள் முப்பது, சார்பெழுத்துகள் மூன்று என்று பிரிக்கிறது. சார்பெழுத்துகள் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகியவை. 'நடு', 'நாடு' என்று சொல்லிப் பாருங்கள். முதற்சொல்லின் இறுதி உகரத்தில் இதழ் குவிகிறது. இரண்டாவதில் அவ்வாறு குவிவதில்லை, ஒலியும் குறுகுகிறது. குறிப்பிட்ட சூழலைச் சார்ந்தே வரும் இத்தகைய ஒலியைத் தனியே பிரித்துக் காட்டிய பார்வை, மாற்றொலிக் கருத்துக்கு அருகில் வருகிறது. ஆனால் இரண்டும் ஒன்றே என்று கூறுவது மிகையாகும். ஒலியன் கோட்பாடு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் உருவாகி, 1926-இல் தொடங்கிய பிராக் மொழியியல் வட்டத்தாராலும், அவர்களுள் ஒருவரான துருபெத்ஸ்காயின் 1939-ஆம் ஆண்டு நூலாலும் வளர்ந்தது.

எழுத்து போதாத இடம்

தொடக்கத்தில் கண்ட கேள்விக்கு வருவோம். தமிழ் எழுத்து ஒலிகளுக்காக அமைந்ததன்று, ஒலியன்களுக்காக அமைந்தது. தமிழ்ச் சொற்களைப் பொறுத்தவரை அதில் குறையேதும் இல்லை.

கடன்சொற்களில் நிலை வேறு. 'பாவம்' என்ற எழுத்து வடிவம் தீவினையையும் குறிக்கும். நாட்டியத்தில் முகக்குறிப்பையும் குறிக்கும். பேசும்போது பலர் முதலதை ஒலிப்பிலாப் பகரத்தோடும், இரண்டாவதை ஒலிப்புடைப் பகரத்தோடும் சொல்கின்றனர். பயம், காந்தி, பஸ் போன்ற சொற்களிலும் சொல்முதலில் ஒலிப்புடை ஒலி வருகிறது. அதனால் இக்காலப் பேச்சுத் தமிழில் இவை தனி ஒலியன்களாகி வருகின்றன என்று கருதும் மொழியியலாளர் உண்டு. ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகளும், 'ஃப' என்ற புதிய சேர்க்கையும் இத்தகைய தேவையால் வழக்கில் உள்ளவையே.

எனவே 'தமிழில் எழுத்து குறைவு' என்பதும் சரியன்று. 'எந்தச் சிக்கலும் இல்லை' என்பதும் சரியன்று. பிறமொழிச் சொற்களை எவ்வளவு துல்லியமாக எழுத விரும்புகிறோம் என்பதே உண்மையான கேள்வி. அதற்குக் கருத்து வேறுபாடுகள் இருக்கலாம். ஆனால் வாதிடுவதற்கு முன், நாம் பேசுவது ஒலியைப் பற்றியா ஒலியனைப் பற்றியா என்று தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

பயிற்சி: தங்கம், தகரம், தக்காளி ஆகிய மூன்று சொற்களையும் தொண்டையில் விரல் வைத்து ஒலித்துப் பார்க்கவும். ககரம் ஒவ்வொன்றிலும் எவ்வாறு ஒலிக்கிறது என்று குறித்துக்கொண்டு, மேலே உள்ள பட்டியலோடு ஒப்பிடவும்.