‘டீச்சர், இது நிஜமா நடந்ததா?’

வகுப்புத் தரையில் 3 அடி நீளம், 2 அடி அகலத்தில் சாக்பீஸால் ஒரு கட்டம் போடுங்கள். ஒரு மாணவரை அதற்குள் உட்காரச் சொல்லுங்கள். காலை நீட்டிப் படுக்க முடியாது.

ஹென்றி பிரவுன் என்ற கறுப்பின அடிமை, 1849இல் அந்த அளவுள்ள மரப்பெட்டிக்குள் ஒளிந்து, அமெரிக்காவின் ரிச்மண்டிலிருந்து அடிமைமுறை இல்லாத பிலடெல்பியாவுக்குத் தன்னையே பார்சலாக அனுப்பிக்கொண்டார். பயணம் 27 மணி நேரம். எலன் லெவின் எழுதி, கடீர் நெல்சன் ஓவியம் தீட்டிய ‘ஹென்றிஸ் ஃப்ரீடம் பாக்ஸ்’ (2007) இதைப் படக்கதையாகச் சொல்கிறது.

இத்தகைய கதைகளில் பிள்ளைகளின் முதல் கேள்வி பெரும்பாலும் உடம்பைப் பற்றியதுதான். எப்படி மூச்சு விட்டார்? ஒன்னுக்கு வந்தால் என்ன செய்வார்? வகுப்பு சிரிக்கும். சிரிக்கட்டும், அதட்ட வேண்டாம். பெட்டியில் காற்றுக்குத் துளை இருந்தது, குடிக்கத் தண்ணீரும் கொஞ்சம் பிஸ்கட்டும் இருந்தன என்று சொல்லிவிட்டு, அவர் தலைகீழாகக் கிடக்கும் படத்தைக் காட்டலாம். ஆனால் மனைவி பிள்ளைகளை வேறொருவருக்கு விற்றுவிடும் பக்கம்தான் பிஞ்சு மனங்களுக்கு அதிகக் கனமானது. அங்கே அவசரப்படக்கூடாது.

அடுத்து வருவது, “போலீஸ்கிட்ட சொல்லலாமே?” நல்ல கேள்வி. அங்கே சட்டமே எசமானர் பக்கம் இருந்தது என்பதைப் பாடமாக நடத்துவதைவிட, இந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொன்னால் பிள்ளைக்குப் புரியும்.

“இது நிஜமா?” என்றால் வெறும் ‘ஆமாம்’ போதாது. ஆளும் பெட்டியும் 27 மணி நேரமும் உண்மை. பேச்சுகளையும் முகபாவங்களையும் எழுத்தாளரும் ஓவியரும் கற்பனை செய்திருக்கிறார்கள். கரும்பலகையில் இரண்டு பக்கமாகப் பிரித்து மாணவர்களையே எழுதச் சொல்லலாம்.

நம் பள்ளிகளில் 4ஆம் ஆண்டில்தான் வரலாறு தனிப்பாடமாக வருகிறது. அதற்கு முன்பே இப்படிக் கேட்கும் பிள்ளையிடம் நம் கதையையும் சொல்லலாம். 1942-43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டனர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ பெரியவர்களுக்கான நாவல். எட்டு வயதுப் பிள்ளை கேட்பதோ, எங்கே படுத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதைத்தான்.

தன் அப்பா சயாமுக்குப் போன கதையைச் சொல்லக்கூடிய தாத்தாவோ பாட்டியோ இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். பிள்ளையே உட்கார்ந்து கேட்கட்டும். பெரியவர்கள் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.