கையெழுத்துப் போடும் முன் பங்கு தெரியட்டும்

அப்பாவின் கருமாதி முடிந்த கையோடு நிலப் பேச்சு தொடங்கிவிடும். தஞ்சாவூர்ப் பக்கம் அது பாதிக்குமேல் தண்ணீர்ச் சண்டைதான். ஒன்பது மா நஞ்சையை மூன்றாக அளந்து கல் நட சர்வேயரால் முடியும். வாய்க்கால் ஓரப் பங்கு யாருக்கு, உள்வயலுக்கு வாமடை எந்த வழியாக, அப்பா பெயரில் இலவச மின்சாரம் வரும் பம்பு செட்டில் யாருக்கு என்றைக்கு முறை, அறுப்பு மிஷின் எந்தப் பக்கம் இறங்குவது? சங்கிலி போட்டு அளந்து இவை தீராது. பேசித்தான் தீரும்.

பாக வழக்குப் போட்டால் முதல்நிலைத் தீர்ப்பாணை பங்கு எவ்வளவு என்று மட்டும் சொல்லும். அதன்பின் வக்கீல் கமிஷனர் வயலுக்கு வந்து அளப்பார். அறிக்கைக்கு ஆட்சேபணை, இறுதித் தீர்ப்பாணை, அப்பீல் என்று அது நீளும். பிரிக்க முடியாத சொத்து என்றால் 1893ஆம் வருடச் சட்டப்படி விற்றுப் பணமாகப் பிரிக்கவும் உத்தரவாகலாம். அதுவரை பட்டா மாறாது. பயிர்க்கடன் வாங்கவும், கொள்முதல் நிலையத்தில் நெல் போடவும் சிட்டா, அடங்கல் கேட்பார்கள், அங்கேயும் இழுபறிதான்.

இந்த இழுபறிக்கு மாற்றுவழி சமரசம். இந்தியாவிலேயே நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம் 2005இல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் சமரசத்துக்கு அனுப்பும்படி கேட்கலாம். சமரசர் ஊர்ப் பஞ்சாயத்தார்போல் தீர்ப்புச் சொல்லமாட்டார். இரு தரப்பையும் சேர்த்தும் தனித்தனியாகவும் வைத்துப் பேசுவார். அங்கே பேசியதைப் பிறகு சாட்சியமாக்க முடியாது. ஒத்துவராவிட்டால் எழுந்து வந்து வழக்கைத் தொடரலாம். சமரசத்தில் முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கட்சிக்காரர்கள் தாங்களே வெளியில் பேசி முடித்தாலும் இது பொருந்தும் என்று 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எனக்குள்ள கவலை, சமரச மேசையில் உட்காரும் அக்கா தங்கைகளைப் பற்றியது. "நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, இனி என்ன பங்கு?" என்று கேட்பது அநியாயம். வாங்கிய சீர் வாரிசு உரிமையை அழிக்காது. இந்துக் குடும்பங்களில் அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், அப்பாவின் தாய் உயிரோடிருந்தால் அவர், எல்லோருக்கும் சமபங்கு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குத் திருமணமாகாத மகள்களுக்கு உரிமை கொடுத்தது. 2005 செப்டம்பர் 9இல் வந்த மத்தியத் திருத்தம் திருமணமானவர்களையும் சேர்த்தது. அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் மூலமோ முடிந்த பாகப்பிரிவினையைக் கிளற முடியாது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு.

பங்கை விட்டுக்கொடுப்பது அவரவர் விருப்பம். தெரிந்து விட்டுக்கொடுங்கள். பதிவான விடுதலைப் பத்திரத்தைப் பின்னால் ரத்து செய்வது பெரும்பாடு. வாசலில் கார் நிற்கிறது, ரிஜிஸ்தர் ஆபீசில் காத்திருக்கிறார்கள் என்று அவசரப்படுத்தினால் அன்றைக்குப் போகாதீர்கள். நகலை வாங்கி, உங்கள் தரப்பு வக்கீலிடம் படிக்கக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் சமரசம் மருந்தல்ல. பொய் உயில் என்ற புகாரைக் கோர்ட்தான் விசாரிக்க வேண்டும். ஒருவர் ரகசியமாக நிலத்தை விற்கப் பார்த்தால் முதலில் தடையுத்தரவு, பிறகு பேச்சு. வழக்கில் மைனர் பங்கு இருந்தால் கோர்ட் அனுமதியில்லாத சமரசம் நிற்காது. கோயில் நிலக் குத்தகையைச் சொந்த நிலம்போல் பங்கு போட முடியாது.

முடிவானதை எழுத்தில் கொண்டுவாருங்கள்: சர்வே எண், நான்கெல்லை, வாமடை, பாதை, பம்பு செட் முறை, பணம் தரும் தேதி. வெறும் தாளில் பாகம் பிரித்து எழுதிய கூர்ச்சீட்டு, பதிவில்லாததால் கோர்ட்டில் கைகொடுக்காமல் போகலாம். வழக்கு நடந்தால் சமரசத்தைத் தீர்ப்பாணையாகவே வாங்குங்கள்.

வழக்கே போடாமலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ வட்டச் சட்டப்பணிகள் குழுவிலோ மனுக் கொடுக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அது சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், அப்பீல் கிடையாது. பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. வாரிசுச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று நகல்களோடு போங்கள். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100.