வாசல் மரமும் புயற்காற்றும்

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலோர ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒரே கவலைதான். ஜெபமாலை மாதத்தில் மழை மெல்லத் தொடங்கும். கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வரும். உடனே எல்லாருடைய கண்களும் வீட்டை ஒட்டி நிற்கும் மரத்தின் மேல் போகும். கோடை முழுவதும் அதன் நிழலில் கட்டில் போட்டுப் படுத்தவர்கள் நாம்தாம். எங்கள் வீட்டு வேம்புக்கும் அந்த நிலை வந்தது. “ஓடு உடைந்தால் மாற்றலாம், பிள்ளைகள் மேல் விழுந்தால்?” என்று அம்மா கேட்டபோது யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. வெட்டுவதற்கு ஆளும் சொல்லியாயிற்று.

மரம் ஏன் விழுகிறது? மேலே எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழம் கீழே வேர் இருக்கும் என்றுதான் நாங்களும் எண்ணியிருந்தோம். உண்மை அதுவன்று. பெரிய மரங்களுக்கும் பெரும்பாலான வேர்கள் மேல் இரண்டு மூன்று அடி மண்ணிலேயே பக்கவாட்டில் ஓடுகின்றன. கிளைகளின் நிழலையும் தாண்டிச் செல்கின்றன. பல நாள் மழையில் அந்த மண் சேறாகிப் பிடிப்பை இழக்கிறது. அவ்வேளையில் காற்று வருகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பது கணக்கு.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. முதலில் ஒரு திசையிலிருந்து காற்று அடித்தது. புயலின் கண் வந்ததும் சற்று அமைதி. பிறகு எதிர்த் திசையிலிருந்து மீண்டும் காற்று. முதற்காற்றில் வேர் தளர்ந்த மரம் இரண்டாம் காற்றில் விழுந்துவிடும். காற்று நின்றுவிட்டதே என்று உடனே வாசலுக்கு ஓடுவது எவ்வளவு ஆபத்து, பாருங்கள்!

எல்லா மரமும் ஒன்றல்ல. வர்தாவில் அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட மயிற்கொன்றை போன்றவை மிகுதியாக விழுந்தன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் டெல்டா மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. பனைகளோ பெரும்பாலும் நின்றன. முருங்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காக்கை உட்கார்ந்தாலே ஒடிந்துவிடும் என்பார்கள் அம்மா.

நிற்க. மரம் வெட்ட வந்த பெரியவர் உடனே கோடரியை ஓங்கவில்லை. வேம்பைச் சுற்றி வந்தார். கோடரியின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். அடியில் காளான் முளைத்திருக்கிறதா, பொந்து விழுந்திருக்கிறதா, ஒரு பக்கத்து மண் புதிதாக மேலெழும்பி வெடித்திருக்கிறதா என்று பார்த்தார். இவை இருந்தால் வெட்டத்தான் வேண்டும். அத்தகைய மரத்துக்காக வாதாடுவது தகாது. நெடுங்காலமாகச் சாய்ந்தே வளர்ந்த மரத்தைவிட, நேற்று நிமிர்ந்து நின்று இன்று சாய்ந்த மரத்துக்கே அஞ்ச வேண்டும்.

“கட்டை கெட்டியாத்தான் இருக்கு, சார். பாரம்தான் ஒரு பக்கமா இருக்கு” என்றார் அப்பாவிடம். மின்கம்பிக்காகத் தெருப்பக்கக் கிளைகளை ஆண்டுதோறும் வெட்டி வந்ததால், முழுப் பாரமும் எங்கள் ஓட்டின் மேல் சாய்ந்திருந்தது. அம்மட்டோ? முற்றத்துக்குச் சிமெண்டு போட்டபோது மரத்தின் கழுத்துவரை பூசியதும் நாங்களே! நல்ல வேளையாகக் குழாய்க்குப் பள்ளம் தோண்டியவர்கள் எதிர்ப்பக்கம் போனார்கள். பெரிய வேர்கள் தப்பின.

உச்சியை மொட்டையடித்துவிடலாமே என்று அப்பா கேட்டார். பெரியவர் மறுத்துவிட்டார். மொட்டையடித்த இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் மரத்தோடு உறுதியாக ஒட்டுவதில்லை. சில ஆண்டுகளில் அவையே முறிந்து விழும். ஆகவே வீட்டுப் பக்கத்தில் நீண்ட கிளைகள் சிலவற்றையும் பட்ட கிளைகளையும் மட்டும் மழைக்கு முன்பே கழித்தார். சிமெண்டை உடைத்து மண் தெரியும்படி வட்டம் விட்டோம்.

வேம்பு நிற்கிறது. ஆயினும் மரத்தின் உயரம் எவ்வளவோ அத்தனை தூரத்துக்குள் இருக்கும் அறை புயல் நாளில் படுக்க ஏற்றதன்று. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் நாங்கள் எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழண்டை அறைக்குப் போய்விடுகிறோம். அது அம்மாவின் கட்டளை.