ஆடு வெல்லுமா, புலி வெல்லுமா? விதியைச் சோதிக்கும் வழி

ஆடு புலி ஆட்டம் ஆடியிருக்கிறீர்களா? திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்து, புளியங்கொட்டைகளை ஆடுகளாகவும் மூன்று கூழாங்கற்களைப் புலிகளாகவும் வைத்து ஆடும் ஆட்டம் அது. தமிழகத்துக் கோயில்கள் பலவற்றின் மண்டபத் தரைக் கற்களில் இத்தகைய ஆட்டக் கோடுகள் வெட்டப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். ஆனைமலை போன்ற மலையடி ஊர்களில் ஆடும் புலியும் வெறும் காய்களின் பெயர்கள் அல்ல. மேலே காட்டில் புலி. கீழே பட்டியில் ஆடு.

இந்த ஆட்டத்தை ஆடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "புலி எடுத்தவனுக்குத்தானுங்க ஜெயம், ஆடு எடுத்தா தோக்க வேண்டியதுதான்" என்பார் ஒருவர். "ஆட்டை எல்லாம் இறக்கி முடிக்கட்டும், புலி அசைய முடியாது" என்பார் மற்றொருவர். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. அப்படியானால் எது சரி? உரக்கப் பேசுபவர் சொல்வது சரி என்று விட்டுவிடலாமா? அல்லது, இயற்பியல் சோதனைச் சாலையில் செய்வதுபோல, குறையை எடுத்துக்கொண்டு அளந்து பார்க்கலாமா? அளக்கலாம் என்பதுதான் இக்கட்டுரையின் செய்தி.

களத்தை வரைந்துகொள்வோம்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து கீழ்நோக்கி விரியும் நான்கு நேர்க்கோடுகளை இழுத்து, அவற்றின் அடிகளை ஒரு கிடைக்கோட்டால் இணையுங்கள். முக்கோணம் கிடைத்துவிட்டது. இப்போது முக்கோணத்தை ஊடுருவி, இருபுறமும் வெளியே நீளுமாறு மூன்று கிடைக்கோடுகளை வரையுங்கள். அவற்றின் இடமுனைகளை ஒரு கோட்டாலும் வலமுனைகளை ஒரு கோட்டாலும் சேர்த்துவிட்டால் களம் தயார்.

புள்ளிகளை எண்ணுங்கள். உச்சியில் 1, மூன்று கிடைக்கோடுகளில் ஆறாறாக 18, அடியில் 4, ஆக 23. ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குச் செல்லும் துண்டுக் கோடுகள் 38 இருக்கும்.

விதிகள் எளியவை. புலிகள் 3, ஆடுகள் 15. பல ஊர்களில் உச்சியில் ஒரு புலியும், முதல் கிடைக்கோட்டின் நடுப்புள்ளிகள் இரண்டில் மற்ற இரு புலிகளும் நிற்க ஆட்டம் தொடங்கும். ஆடு ஆடுபவர் ஒவ்வொன்றாக ஆடுகளை இறக்குவார். ஒவ்வோர் ஆட்டுக்கும் பின் ஒரு புலி நகரும். அடுத்த புள்ளியில் ஆடு நின்று, அதே நேர்க்கோட்டில் அதற்கு அப்பால் உள்ள புள்ளி காலியாக இருந்தால், புலி தாண்டி அந்த ஆட்டை வெட்டும். ஆடுகள் எல்லாம் இறங்கிய பிறகே அவை நகரலாம். புலிகள் மூன்றும் அசைய முடியாமல் போனால் ஆட்டுக்கு வெற்றி. எத்தனை ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும்.

களமே சொல்லும் உண்மைகள்

ஒரு காயையும் நகர்த்தாமலே இக்களத்திலிருந்து சில உண்மைகளைக் கண்டறியலாம். ஓர் ஆட்டை வெட்ட வேண்டுமானால் அது ஏதாவது ஒரு நேர்க்கோட்டின் இடையில் நிற்க வேண்டும். கோட்டின் முனையில் நிற்கும் ஆட்டைத் தாண்ட முடியாது. எனவே, தன் வழியாகச் செல்லும் எல்லாக் கோடுகளுக்கும் முனையாக உள்ள புள்ளியே ஆட்டுக்கு முழுக் காப்பு. அத்தகைய புள்ளிகள் எத்தனை? வெளிச்சதுரத்தின் மூலைகள் 4, முக்கோணத்தின் அடிமுனைகள் 2, உச்சி 1. ஆக ஏழே ஏழு. மற்ற 16 புள்ளிகளிலும் ஆட்டுக்கு ஆபத்து உண்டு.

புலியின் பக்கம் பார்ப்போம். மூலையில் நிற்கும் புலியை அடைக்க, இரு திசைகளிலும் அடுத்த புள்ளியும் அதற்கு அடுத்த புள்ளியும் நிரம்பியிருக்க வேண்டும். அதற்கு 4 காய்கள் போதும். நடுக் கிடைக்கோட்டின் மையப்புள்ளி ஒன்றில் நிற்கும் புலிக்கோ நான்கு திசை; 8 காய்கள் வேண்டும். ஆகவே ஆடு ஆடுபவரின் வேலை புலியை மூலைக்கு ஒதுக்குவது. புலியின் வேலை மையத்தை விடாதிருப்பது. மூன்று புலிகளைத் தனித்தனி மூலைகளில் அடைப்பதானால் 12 ஆடுகள் வரை தேவைப்படும். புலிகள் அருகருகே சிக்கினால் ஒரே ஆடு இரு புலிகளுக்கு வேலியாகி, எண்ணிக்கை குறையும்.

வெட்டுப்பட்ட ஒவ்வோர் ஆடும் வேலியில் ஓர் ஓட்டை. ஓட்டை விழுந்தால் அடுத்த ஆட்டை வெட்டுவது இன்னும் எளிது. விளைவே காரணத்தை வலுப்படுத்தும் இந்த நிலையை இயற்பியலில் நேர்ப் பின்னூட்டம் என்போம். ஒலிபெருக்கியின் அருகே மைக்கைக் கொண்டுபோனால் கீச்சென்று அலறுகிறதே, அதுவும் இதே வகை. எனவே ஐந்தாறு ஆடுகள் போனதும் ஆட்டத்தை முடித்துவிடும் ஊர் வழக்கில் நல்ல பொருள் இருக்கிறது. முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தை இழுத்துக்கொண்டிருப்பதில் இருவருக்கும் சுவை இல்லை.

குறைகள் மூன்று வகை

ஆட்டக்காரர் சொல்லும் குறைகளை வகை பிரிக்காமல் விதியை மாற்றத் தொடங்கினால் குழப்பமே மிஞ்சும்.

முதல் வகை, விதியைப் பற்றியது. "ஒரு பக்கத்துக்கே சாதகம்", "ஆட்டம் முடியவே மாட்டேன் என்கிறது" என்பவை இதில் சேரும். இரண்டாம் வகை, களத்தைப் பற்றியது. ஓர் எடுத்துக்காட்டு: உச்சிக்குக் கீழே ஒரு கோட்டில் நிற்கும் புலி, உச்சியில் உள்ள ஆட்டைத் தாண்டி மறுகோட்டில் இறங்கலாமா? கூடாது, உச்சியில் கோடு வளைந்துவிடுகிறது. ஆனால் கோணல்மாணலாகக் கிழித்த களத்தில் எது நேர்க்கோடு என்பதே சண்டையாகிவிடும். இந்தச் சண்டைக்கு மருந்து புதிய விதி அன்று; ஓர் அளவுகோல். மூன்றாம் வகை, ஆட்டக்காரரைப் பற்றியது. எதிரி தேர்ந்தவராக இருந்தால், நியாயமான விதியும் அநியாயமாகத் தோன்றும்.

மூன்றாம் வகையைப் பிரித்தெடுக்க எளிய வழி, பக்கம் மாற்றி ஆடுவதுதான். பத்து முறை நீங்கள் புலி, பத்து முறை நண்பர் புலி. யார் எடுத்தாலும் புலியே வென்றால் சந்தேகம் விதியின் மேல். எந்தப் பக்கம் எடுத்தாலும் நண்பரே வென்றால் விதியைக் குறை சொல்லிப் பயனில்லை.

எத்தனை ஆட்டம் போதும்?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பத்து ஆட்டத்தில் ஏழில் புலி வென்றால் "புலிக்குத்தான் சாதகம்" என்று தீர்ப்பளித்துவிடலாமா? ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். எந்தப் பக்கமும் சாயாத நல்ல நாணயம்கூட, பத்துச் சுண்டலில் ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட தலை காட்டும் வாய்ப்பு 100க்கு 17. வியப்பதற்கு ஒன்றுமில்லை. இருபதில் 14 அல்லது அதற்கு மேல் தலை விழும் வாய்ப்பு 100க்கு சுமார் 6. நூறில் 70 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்போ, ஒரு லட்சத்துக்கு சுமார் 4 மட்டுமே. மூன்றிலும் விகிதம் ஒன்றே. ஆனால் நம்பிக்கையின் அளவு வானுக்கும் பூமிக்கும் உள்ள வேறுபாடு. நாலு ஆட்டம் தோற்றதும் எழும் கோபத்துக்கும், நூறு ஆட்டத்தின் கணக்குக்கும் உள்ள வேறுபாடும் இதுவே.

சதுரங்கம் மாறிய கதை

விதிகள் மாறுமா என்று ஐயுறுவோருக்குச் சதுரங்கமே சான்று. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையின் பெயரால் இந்தியாவில் தோன்றிய போர் ஆட்டம் அது. பாரசீகர், அராபியர் வழியே மேற்கே சென்ற வடிவத்தில், இன்று மந்திரி நிற்கும் இடத்தில் யானை நின்றது. அது மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்துக்கு மட்டும் தாவும். அப்படித் தாவிப் பாருங்கள்: 64 கட்டங்களில் எட்டே எட்டைத்தான் அதனால் எட்ட முடியும்! இரு தரப்பிலும் உள்ள நான்கு யானைகளுக்கும் எட்டெட்டாகத் தனித்தனிக் கட்டங்கள். ஆகவே ஒரு யானை எதிரியின் யானையை ஒருநாளும் சந்திக்காது. ராணி இருக்கும் இடத்தில் அன்று இருந்த காயோ மூலைவாட்டில் ஒரே கட்டம்தான் நகரும்.

படைகள் கைகலக்கவே நெடுநேரம் பிடித்த இந்த ஆட்டம், 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் வேகம் பெற்றது. ராணியும் மந்திரியும் தொலைதூரம் பாயும் இன்றைய ஆற்றலைப் பெற்றன. காலாள் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் செல்லலாம் என்ற விதியும் ஆட்டத்தை விரைவுபடுத்தவே வந்தது. ஆனால் அது ஒரு புதிய குறையைக் கொணர்ந்தது: ஒவ்வொரு கட்டமாகச் சென்றிருந்தால் எதிரிக் காலாளிடம் வெட்டுப்பட வேண்டிய காய், இரட்டை அடி வைத்துத் தப்பிவிடுகிறது. அதைச் சரிசெய்ய, கடந்து செல்லும் காலாளை உடனே வெட்டலாம் என்ற விதி தேவைப்பட்டது. ஒரு திருத்தம் அடுத்த குறையைப் பெற்றெடுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு விதியை மட்டுமே மாற்ற வேண்டும்.

பிரஷ்யாவின் போர் ஆட்டம்

உண்மைப் போரையே ஆட்டமாக்க முயன்றவர்கள் பிரஷ்ய நாட்டார். 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் படை அதிகாரி, தம் தந்தை தொடங்கிவைத்த ஆட்டத்தைத் திருத்தி விதிநூல் வெளியிட்டார. 8000க்கு 1 என்ற அளவில் வரைந்த நிலப்படமே களம். படைப்பிரிவுகளுக்குச் சிறு கட்டைகள். ஒரு முறைக்கு 2 நிமிடப் போர். துப்பாக்கிச் சூட்டின் பலனைச் சொல்லப் பகடையும் அட்டவணைகளும். மேலே ஒரு நடுவர்.

ஆடிய அதிகாரிகளிடமிருந்து குறை கிளம்பியது. அட்டவணையைப் புரட்டிக் கணக்குப் போடுவதிலேயே நேரம் போகிறது என்றார்கள். 1876இல் வெர்டி து வெர்னுவா என்ற தளபதி பகடையையும் அட்டவணையையும் நீக்கி, நடுவரின் போர் அனுபவமே முடிவு சொல்லட்டும் என்று மாற்றினார். ஆட்டம் விரைந்தது. ஆனால் உடனே எதிர்க்குறையும் பிறந்தது: நடுவர் மாறினால் முடிவும் மாறுகிறதே! விரைவு வேண்டுமா, ஒரே சீரான தீர்ப்பு வேண்டுமா என்ற இந்த இழுபறிக்கு முழுத் தீர்வு இல்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளத்தான் வேண்டும்.

கணிப்பொறி என்ன சொல்கிறது?

நம் ஆட்டத்துக்குத் திரும்புவோம். இதில் பகடை இல்லை, மறைவும் இல்லை. எனவே இருவரும் பிழையின்றி ஆடினால் முடிவு என்ன என்பதற்குத் திட்டவட்டமான விடை இருந்தே தீர வேண்டும். 23 புள்ளிகளில் 3 புலிகளை 1,771 விதமாக வைக்கலாம். மீதி 20 புள்ளிகளில் 15 ஆடுகளை 15,504 விதமாக வைக்கலாம். பெருக்கினால் 2,74,57,584 நிலைகள். ஆடு ஒன்றுமில்லாத நிலை முதல் 15 ஆடுகள் வரை எல்லாவற்றையும் கூட்டினால் சுமார் 185 கோடி. அடுத்து நகர வேண்டியது யார், இறக்க வேண்டிய ஆடுகள் எத்தனை என்பவற்றையும் சேர்த்தால் இன்னும் பெருகும். மனிதனுக்கு இது மலை. இன்றைய கணிப்பொறிக்கு எட்டாத உயரம் அன்று.

கணிப்பொறி இதைப் பின்னாலிருந்து தீர்க்கும். முதலில் ஆட்டம் முடிந்துவிட்ட நிலைகளைக் குறிக்கும். பிறகு ஒரே நகர்த்தலில் அங்கு போகக்கூடிய நிலைகள். பிறகு அவற்றுக்கு முந்தியவை. நேபாளத்தின் 'பாக் சால்' ஆட்டம் இம்முறையும் வேறு தேடல் முறைகளும் கொண்டு தீர்க்கப்பட்டது. அதில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரு கணினி அறிஞர்கள், இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் யாருக்கும் வெற்றியில்லை, சமன் என்று நிறுவினர். அதன் களமும் எண்ணிக்கையும் வேறாகையால் அந்த முடிவை நம் ஆட்டத்துக்கு அப்படியே பொருத்தக்கூடாது. மேலும், பிழையற்ற ஆட்டத்தில் சமன் என்பதால், பிழை செய்யும் மனிதர்களுக்கும் அது சமமாகவே இருக்கும் என்று பொருளில்லை. அதை ஆடியவர்களின் கணக்குதான் சொல்ல வேண்டும்.

இன்று ஆடு புலி ஆட்டம் கைபேசியிலும் வந்துவிட்டது. இங்கே ஒரு புதிய கவலை. திண்ணையில் ஆடியபோது "எங்கள் ஊரில் ஆறு ஆடு கணக்கு" என்று பேசி முடித்துக்கொள்ள முடிந்தது. நிரலில் எழுதிவிட்ட விதியோடு பேச முடியாது. எழுதியவர் நினைத்ததே விதியாகி, ஊர்தோறும் இருந்த மாற்றங்கள் மறைந்துபோகலாம். எனவே ஊர் வழக்குகளைக் கேட்டுக் குறித்துவைப்பதும், நிரல் எழுதுவோர் ஆட்டக்காரரின் குறைகளுக்குச் செவிசாய்ப்பதும் முன்னைவிட இப்போது அவசியம்.

நீங்கள் செய்யக்கூடிய சோதனை

பள்ளியிலோ வீட்டிலோ நண்பர்கள் நால்வர் சேருங்கள். அளவுகோலால் களம் வரையுங்கள். தொடங்குமுன் விதிகளை எழுதி வையுங்கள்: எத்தனை ஆடு வெட்டினால் வெற்றி? ஒரே நிலை மூன்று முறை வந்தால் சமன் என்று கொள்ளலாமா? ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தேதி, புலி யார், ஆடு யார், வெட்டுப்பட்டவை எத்தனை, முடிவு என்ன என்று குறியுங்கள். பக்கம் மாற்றிக்கொண்டே 100 ஆட்டம் முடியுங்கள். பிறகு ஓர் ஆட்டைக் கூட்டியோ குறைத்தோ மீண்டும் 100.

உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் அவர்கள் ஆடிய விதியையும் கேட்டு அதே ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். யார் சொல்வது சரி என்ற வழக்குக்கு அந்த ஏடு விடை தரும். ஒருவேளை, ஊருக்கு ஊர் விதி மாறியதற்கும் அதில் காரணம் கிடைக்கலாம்.