கண்டி வீதிக்கு ஓர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்களைப் பயின்றோர் ஒன்றை அறிவர். வழி கூறும் புலவன், அவ்வழியிலே கிடைக்கும் உணவையும் மறவாது கூறுவான். பெரும்பாணாற்றுப்படையோ இன்னும் ஒருபடி மேற்சென்று, திரையன் நாட்டில் ஆறலை கள்வர் இல்லை என்று உறுதியும் தருகின்றது. கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதியை 1860ஆம் ஆண்டளவில் ஒரு புலவன் பாடியிருப்பானாயின், உணவை நிறையப் பாடியிருப்பான். அவ்வுறுதியை மட்டும் அவனால் தந்திருக்க இயலாது.

ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820இல், வேலை தொடங்கப்பெற்ற வீதி இது. மலைநாட்டுக் கோப்பி மாட்டுவண்டிகளில் இறங்கிற்று. தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர் உண்ணும் அரிசி மாட்டுவண்டிகளில் ஏறிற்று. கண்டிக்குப் புகைவண்டி வந்தது 1867இலேதான். அதுவரை மாட்டின் நடையே வேகம். பாலை மறவர் வணிகச் சாத்தை எதிர்நோக்கியதுபோல, கேகாலைக்கும் மாவனல்லைக்கும் இடையே தலைநிமிர்ந்து நிற்கும் உதுவன்கந்தைக் குன்றிலே தங்கி இவ்வண்டிகளை எதிர்நோக்கியவன் சரதியேல்.

செல்வரைக் கொள்ளையிட்டு வறியவர்க்கு ஈந்தான் என்பர் சிங்கள மக்கள். ஆங்கிலேயரின் இராபின் ஹூட்டோடு அவனை ஒப்பிடுவாரும் உளர். ஈகை கதையாகவும் இருக்கலாம். சிந்திய குருதி கதையன்று. 1864 மார்ச் 21ஆம் நாள் மாவனல்லையில் அவனை வளைத்தபோது, சபான் என்னும் மலாய்க் காவலர் சுடப்பட்டு மாண்டார். கடமையில் உயிர்நீத்த இலங்கைப் பொலிஸாருள் முதல்வர் அவரே. அவ்வாண்டு மே 7ஆம் நாள் சரதியேலும், அவனுடைய உயிர்த்தோழன் மம்மலே மரிக்காரும் கண்டியிலே தூக்கிலிடப்பட்டனர். 2001இல் முஸ்லிம்களின் கடைகள் எரிக்கப்பட்ட அதே மாவனல்லையிலே, ஒரு சிங்களவனும் ஒரு முஸ்லிமும் இறுதிவரை பிரியாது நின்றனர், களவிலேதான் என்றாலும்.

குன்றருகே இன்று சரதியேல் பெயரால் ஒரு மாதிரிக் கிராமமே உண்டு. மாணவரை அங்கே அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் சபானின் பெயரையும் சொல்லுதல் வேண்டும். கள்வனுக்குச் சிலையும் காவலனுக்கு மறதியும் என்பது முறையன்று.

இனி உணவு. பஸ்யாலையை அடுத்த கஜுகமவில் பெண்கள் வறுத்த கஜு விற்பர். வாங்கிக்கொண்டு மேலே செல்க. மாவனல்லைப் பக்கத்துத் தோட்டங்களில் மிளகும் கராம்பும் மணக்கும். ஆயினும் இவ்வழிக்கு உரிய சுவை கித்துள் மரத்தினதே. பாளையைச் சீவிக் கலயத்தில் வடித்த பதநீரைக் காய்ச்சினால் பாணி. மேலும் இறுக்கிச் சிரட்டையில் வார்த்தால் கருப்பட்டி. எருமைத் தயிரிலே அப்பாணியை ஊற்றி உண்பது ஒரு சுவை. குரக்கன் மாவும் தேங்காய்ப்பூவும் கருப்பட்டியும் பிசைந்து, கெந்த இலையில் பொதிந்து அவித்த ஹலப்ப இன்னொரு சுவை. நம் இலைக் கொழுக்கட்டைக்கு அது உடன்பிறப்பு என்றே சொல்லலாம்.

கடுகண்ணாவை ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, கருப்பட்டித் துண்டைக் கடித்தவாறு வெறுந்தேநீர் அருந்துக. சரதியேல் காலத்து வண்டிக்காரருக்கு அது கோப்பியாகவே இருந்திருக்கும். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னரே இம்மலைகளைத் தேயிலை மூடிற்று.