முதுகில் சுமக்கும் உயிர்க்காப்பு

நிலத்தினின்று ஏறத்தாழ 13,000 அடி உயரத்தில் விமானத்தின் கதவு திறக்கிறது. ஒருவர் வெளியே பாய்கிறார். வயிறு நிலத்தை நோக்க, கைகால்களை விரித்தபடி விழும் அவருடைய வேகம் பத்துப் பன்னிரண்டு நொடிகளில் மணிக்கு 190 கிலோமீட்டரை எட்டிவிடுகிறது. ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் இவ்வாறு விழுந்தபின் அவர் தம் பாராசூட்டை விரிக்கிறார். அந்த ஒரு நிமிடத்திலும், அதன்பின் நிலத்தை அடைய எடுக்கும் சில நிமிடங்களிலும் அவருடைய உயிர் அவர் முதுகில் சுமக்கும் ஒரு பைக்குள் அடங்கிக் கிடக்கிறது. அப்பையையும் அதனோடு சேர்ந்த சாதனங்களையும் எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இங்கு நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

"நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என வாசகர் சிலர் கேட்கக்கூடும். வானினின்று குதிப்போர் நம்மில் மிகச் சிலரே. எனினும், நம் திறமைக்கேற்ற கருவியை வாங்குவதா, பிறர் கண்ணுக்குப் பகட்டாகத் தோன்றும் கருவியை வாங்குவதா என்னும் கேள்வி எல்லா இல்லங்களிலும் எழுவதே. மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தரும் தந்தையும் இக்கேள்வியைச் சந்திக்கிறார். வானில் குதிப்போரிடையே இதற்கு விடை மிகத் தெளிவாகத் தெரிகிறது. ஏனெனில், அங்கே தவறான விடைக்கு விலை உயிரே.

ஆயர் வரைந்த படம்

பாராசூட்டின் வரலாற்றில் ஒரு கத்தோலிக்க ஆயருக்கும் இடமுண்டு என்பதை நம்மில் பலர் அறிந்திருக்கமாட்டோம். 1551 முதல் 1617 வரை வாழ்ந்த ஆயர் ஃபௌஸ்டோ வெரான்சியோ, தம் இறுதிக் காலத்தில் வெனிஸ் நகரில் வெளியிட்ட இயந்திர நூலில், நான்கு மூலைகளிலும் கயிறு கட்டிய சதுரத் துணியைப் பற்றிக்கொண்டு கோபுரத்தினின்று இறங்கும் மனிதனைப் படமாக வரைந்து காட்டினார். 1797 அக்டோபர் 22 அன்று ஆந்திரே-ழாக் கார்னரென் என்னும் பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நகரின் மேலே பலூனினின்று துணிக்குடை ஒன்றுடன் இறங்கி உயிர் தப்பினார். குடையின் உச்சியில் காற்று வெளியேறத் துளை இல்லாமையால் அவர் ஊஞ்சல்போல் ஆடியாடி நிலத்தை அடைந்தார்.

எல்லாருக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1912 பிப்ரவரி 4 அன்று ஃபிரான்ஸ் ரைஷெல்ட் என்னும் தையற்கலைஞர், தாமே தைத்த பாராசூட் உடையை அணிந்து ஐஃபல் கோபுரத்தின் முதல் தளத்தில் வந்து நின்றார். பொம்மையை எறிந்து சோதிப்பதற்கே அவருக்கு அனுமதி தரப்பட்டிருந்தது. நண்பர்கள் தடுத்தும் கேளாமல் தாமே குதித்தார், உடை விரியவில்லை, அவ்விடத்திலேயே மாண்டார். தம் கருவி எதைத் தாங்கும் என்பதை அறியுமுன் தம் உயிரை அதனிடம் ஒப்படைத்தார் அவர்.

1919 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் லெஸ்லி இர்வின் என்பவர் விமானத்தினின்று குதித்து, விழும்போதே தம் கையால் கயிற்றை இழுத்துப் பாராசூட்டை விரித்துக் காட்டினார். குடை செவ்வனே விரிந்தது. ஆயினும், இறங்கும்போது அவருடைய கணுக்கால் முறிந்தது. "குடை விரிந்துவிட்டால் ஆபத்து நீங்கிற்று" என்று எண்ணுவோருக்கு அன்றே கிடைத்த பாடம் இது.

பைக்குள் இருப்பவை

இவ்விளையாட்டு மிகுதியாக நடைபெறும் நாடு அமெரிக்கா. ஆகவே அந்நாட்டு நடைமுறையையே இங்கு எடுத்துக்கொள்வோம். குதிப்பவர் முதுகிலுள்ள பையில் இரண்டு பாராசூட்டுகள் இருந்தாக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஒன்று முதன்மைக் குடை. மற்றொன்று காப்புக் குடை. இப்பையையும், தோளிலும் மார்பிலும் தொடைகளிலும் உடலைப் பிணைக்கும் வார்களையும் ஒன்றாகவே தைத்திருப்பார்கள்.

வார்கள் உடலுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். தளர்ந்திருந்தால், தலைகீழாகச் சுழலும் நேரத்தில் பை இடம் பெயரும். கைப்பிடிகள் கைக்கு எட்டாமற் போகும். வலப்பக்கத்துக் கைப்பிடி, கோளாறுற்ற முதன்மைக் குடையை அறுத்துவிடுவதற்கு. இடப்பக்கத்தது, காப்புக் குடையைத் திறப்பதற்கு. அறுத்துவிடும் வேலையைச் செய்வது மூன்று உலோக வளையங்கள். 1970களில் பில் பூத் என்னும் அமெரிக்கர் கண்டறிந்த ஏற்பாடு இது. ஒன்றனுள் ஒன்று கோத்த மூன்று வளையங்கள் முழு உடலின் எடையையும் தாங்கி நிற்கும்; கைப்பிடியைச் சிறிது வலிவுடன் இழுத்தால் மூன்றும் கழன்று குடை பறந்துவிடும். அப்படிப் பறக்கும் குடையே காப்புக் குடையையும் இழுத்துத் திறக்குமாறு ஒரு வாரை இணைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு.

மனிதன் மயங்கிவிட்டால்? நேரம் போவதை மறந்துவிட்டால்? அதற்காகவே ஒரு சிறு மின்னணுக் கருவி பைக்குள் வைக்கப்படுகிறது. ஜெர்மனி நாட்டு ஹெல்முட் குளோத் என்பவர், தம் நண்பர் ஒருவர் குதிப்பில் உயிரிழந்தபின் முயன்று உருவாக்கிய 'சைப்ரஸ்' என்னும் இக்கருவி 1991ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தையும் வேகத்தையும் இது இடைவிடாது கணக்கிடுகிறது. அனுபவமுள்ளோர்க்கான வகையில், நிலத்திற்கு ஏறத்தாழ 225 மீட்டர் உயரத்தில் ஒருவர் நொடிக்கு 35 மீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், காப்புக் குடையை மூடியிருக்கும் நூலை இக்கருவி தானே வெட்டிவிடும். அவ்வேளையில் அவருக்கும் மண்ணுக்கும் இடையே எஞ்சியிருப்பது நான்கைந்து நொடிகளே! இக்கருவியால் உயிர் பெற்றோர் பலர். புதிதாகச் சாதனம் வாங்குவோர் வேறெதைக் குறைத்துக்கொண்டாலும் இதைக் குறைத்துக்கொள்ளலாகாது.

சதுர அடிக் கணக்கு

இனி, தேர்வில் மிகப் பெரிய கேள்விக்கு வருவோம். முதன்மைக் குடை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

இன்றைய குடை, பழைய வட்டக் குடையைப் போன்றதன்று. காற்று புகுந்து உப்பும் அறைகளைக் கொண்ட துணிச் சிறகு அது. 1960களில் டொமினா ஜால்பர்ட் என்பவர் வகுத்த அமைப்பின் வழிவந்தது. திரும்பவும் முன்னேறவும், இறங்கும் இறுதிக் கணத்தில் இரு கயிறுகளையும் இழுத்து வேகத்தைக் கொல்லவும் அதனால் இயலும். இச்சிறகின் பரப்புக் குறையக் குறைய வேகம் கூடும்.

கணக்கு எளிதே. குதிப்பவரின் எடையோடு அவர் அணிந்த சாதனங்களின் எடையையும் கூட்டி, பவுண்டு அளவில் எழுதி, குடையின் சதுர அடியால் வகுக்க வேண்டும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 12 கிலோ சாதனங்களுடன் குதித்தால் மொத்தம் 82 கிலோ, அதாவது ஏறத்தாழ 180 பவுண்டு. 180 சதுர அடிக் குடையின்கீழ் அவருக்குக் கிடைக்கும் எண் ஒன்று. பயிற்சி முடித்து முதற்குடை வாங்குபவர் ஒன்றைத் தாண்டலாகாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. மாணவர்க்குத் தரும் குடைகள் இதனினும் பெரியவை. அதே மனிதர் 120 சதுர அடிக் குடையை வாங்கினால் எண் ஒன்றரை ஆகிவிடும். அக்குடை விரைந்து பாயும். தாழ்வான உயரத்தில் ஒரு பக்கக் கயிற்றைச் சற்று மிகுதியாக இழுத்துவிட்டாலும் தலை குப்புறப் பாய்ந்து நிலத்தில் மோதும்.

இங்கேதான் நாம் உற்று நோக்க வேண்டிய உண்மை உள்ளது. குடை விரியாமல் இறப்போரை மட்டுமே நாம் கற்பனை செய்கிறோம். ஆனால், அண்மைக் காலங்களில் இவ்விளையாட்டில் மாண்டோரில் கணிசமானோர், எக்குறையும் இன்றி விரிந்த நல்ல குடையின்கீழ் மாண்டவர்கள். குடை பழுதுபடவில்லை, அதை ஆளும் பக்குவம் போதவில்லை. சிறிய குடையை வைத்திருப்பது தேர்ச்சியின் அடையாளம் என்று கருதப்படுவதால், பக்குவம் வருமுன்னே பலர் அதை நாடுகின்றனர். சாதனங்கள் எவ்வளவு பாதுகாப்பாக ஆகின்றனவோ அவ்வளவு துணிச்சலான செயல்களில் மனிதர் இறங்கிவிடுகின்றனர் என்னும் கருத்தை, வளையங்களைக் கண்டறிந்த பில் பூத் அவர்களே கூறியுள்ளார்.

காப்புக் குடைக்கும் இதே நெறி பொருந்தும். அது எவ்வளவு எடையைத் தாங்கும் என்பது அதன்மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். மயங்கிய நிலையில், கயிற்றை இழுக்கவும் இயலாமல் அதன்கீழ் இறங்க நேரிடலாம் என்பதை எண்ணிப் பார்த்து அளவைத் தேர வேண்டும். பை சிறிதாக அழகாகத் தோன்றவேண்டும் என்பதற்காகக் காப்புக் குடையைச் சுருக்குவது அறிவீனம்.

சிறு துணைகள்

உயரத்தைக் காட்டும் ஆல்டிமீட்டர் கையில் கட்டப்படுகிறது. எண்களில் காட்டும் வகையும் உண்டு. கடிகார முள்போல் காட்டும் வகையும் உண்டு. ஒரு பார்வையில் படிக்க இயல்வதே தமக்கு ஏற்றது. காதருகே ஒலியெழுப்பும் மற்றொரு கருவியும் கிடைக்கிறது. அது கண்ணுக்குத் துணையேயன்றி மாற்று அன்று. அமெரிக்கச் சங்கத்தின் விதிப்படி மாணவரும் முதல் நிலை உரிமம் பெற்றோரும் 3,000 அடிக்குக் கீழே வரும்வரை குடையை விரிக்காமல் இருத்தலாகாது.

தலைக்கவசம் இறுகப் பொருந்த வேண்டும். கண்ணாடி காற்றில் நழுவாததாக இருக்க வேண்டும். காலணியில் கொக்கிகள் இருக்கலாகாது. விரியும் குடையின் கயிறு அவற்றில் மாட்டிக்கொள்ளும். 13,000 அடியில் குளிர் நிலத்தைவிட 25 டிகிரி சென்டிகிரேடு அளவு மிகுதியாதலால் கையுறை வேண்டும். ஆனால் கைப்பிடியை விரல் உணரும் அளவுக்கு மெல்லியதாயிருக்க வேண்டும். உடையோ உடல்வாகைப் பொறுத்தது: பருத்தவர் விரைந்து விழுவதால் தளர்ந்த உடையும், மெலிந்தவர் மெல்ல விழுவதால் இறுகிய உடையும் அணிந்தால், குழுவாகக் குதிப்போர் ஒரே மட்டத்தில் விழ இயலும். சிக்கிய கயிற்றை அறுக்கச் சிறு கொக்கிக் கத்தி ஒன்றும் உடனிருத்தல் நலம்.

ஒளிப்படக் கருவியைப் பற்றி ஒரு சொல். இன்று விரல் அளவு கேமரா கிடைக்கிறது. இளைஞர் முதலில் விரும்புவதும் அதையே. ஆனால் 200 குதிப்புகளுக்குப் பின்னரே அதை அணியுமாறு அமெரிக்கச் சங்கம் பரிந்துரைக்கிறது. கயிறு மாட்டிக்கொள்ளும் ஆபத்து ஒருபுறம். படத்தில் மனம் சென்று உயரத்தை மறக்கும் ஆபத்து மறுபுறம். எல்லாச் சாதனங்களிலும் கடைசியாக வாங்கத் தக்கது இதுவே.

எப்போது, யாரிடம் வாங்குவது?

முதல் நிலை உரிமம் பெறக் குறைந்தது 25 குதிப்புகள் வேண்டும். அதுவரை எதையும் வாங்க வேண்டியதில்லை. பயிற்சி நிலையத்தார் தரும் சாதனங்கள் போதும். அதன்பின்னும் சில காலம் வாடகைக்கு எடுத்துப் பல அளவுக் குடைகளைப் பழகிப் பார்ப்பதே சிறந்தது. தலைக்கவசம், ஆல்டிமீட்டர், கண்ணாடி ஆகியவற்றை முதலில் வாங்கிக்கொள்ளலாம்.

முழுத் தொகுதியைப் புதிதாக வாங்கப் பல ஆயிரம் டாலர் ஆகும். ஆகவே பெரும்பாலோர் முதலில் பழையதையே நாடுகின்றனர். அதில் இழிவு ஏதுமில்லை. ஆனால், ரிக்கர் எனப்படும் உரிமம் பெற்ற பாராசூட் வல்லுநர் ஒருவர் துணியையும் கயிறுகளையும் தையல்களையும் சோதித்துப் பார்க்குமுன் பணத்தைக் கொடுத்தல் கூடாது. தானியங்கிக் கருவி எந்த ஆண்டில் செய்யப்பட்டது, உற்பத்தியாளர் விதித்த ஆயுள் இன்னும் எஞ்சியுள்ளதா என்பதையும் கேட்டறிய வேண்டும். விற்பவர் குடையின் நிறத்தைப் புகழ்வார். வாங்குபவர் அதன் வயதைக் கேட்க வேண்டும்.

வாங்கியதோடு கடமை முடிவதில்லை. காப்புக் குடையை 180 நாட்களுக்கு ஒருமுறை ரிக்கர் பிரித்து, சோதித்து, மடித்து, முத்திரையிட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறையும் திறக்கப்படாமலே பல ஆண்டுகள் அது முதுகில் பயணம் செய்யலாம். ஆயினும் அடுத்த நொடியே தேவைப்படும் என்பதுபோல அதைப் பேண வேண்டும்.

கருவியும் மனிதனும்

1970களில் அமெரிக்காவில் ஆண்டுதோறும் சராசரியாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் இவ்விளையாட்டில் இறந்தனர். 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 36 இலட்சத்து 50 ஆயிரம் குதிப்புகளில் இறந்தோர் 10 பேர். மூன்று வளையங்களும், தானியங்கிக் கருவியும், சிறந்த பயிற்சியும் சேர்ந்து தேடித் தந்த நன்மை இது. ஆயினும் அந்தப் பத்துப் பேருக்கும் பெற்றோரும் உற்றாரும் இருந்தனர் அன்றோ?

ஆகவே, நம் பிள்ளைகளுள் எவரேனும் ஒருநாள் இத்தகைய ஆசையை நம்மிடம் வெளியிட்டால், அச்சத்தால் அவர்கள் வாயை அடைத்துவிட வேண்டாம். "உன் குடை எத்தனை சதுர அடி? அந்த அளவை உனக்குச் சொன்னவர் யார்? காப்புக் குடையை முத்திரையிட்டு எத்தனை நாள் ஆயிற்று?" என்று கேட்போம். இம்மூன்றுக்கும் தயங்காமல் விடை சொல்லும் பிள்ளை, தன்னை அறிந்த பிள்ளை. விடை சொல்லத் தடுமாறினால், இன்னும் சில காலம் பெரிய குடையின்கீழ், ஆசிரியரின் கண்பார்வையில் பழகட்டும். பெரிய குடையின்கீழ் மெல்ல இறங்குவதில் எவருக்கும் மானக்கேடு இல்லை.